உபதேசம் எடுபடாத வயது

உயர்நிலைப் பள்ளி மாணவரின் மதிப்பெண்ணோடு நின்றுவிடாமல் அவருடைய மனநிலை, உடல்நலம், நட்பு, வீட்டுச் சூழல், அடுத்த கட்டப் படிப்பு ஆகியவற்றையும் பள்ளி தன் பொறுப்பாக ஏற்று, அதற்கென்று ஆளையும் நேரத்தையும் நடைமுறையையும் ஒதுக்கி வைப்பதே மாணவர் நலப்பேணல். அக்கறையுள்ள ஆசிரியர்கள் எல்லா ஊரிலும் இதைத் தாமாகவே செய்துவருகிறார்கள். காலையில் சாப்பிடாமல் வந்த பிள்ளையைக் கண்டுபிடிக்கக் கமிட்டி எதுவும் தேவைப்பட்டதில்லை. ஆனால் ஒருவருடைய நல்ல மனத்தை மட்டுமே நம்பியிருந்தால் அவர் மாற்றலாகிப் போகும் நாளில் கவனிப்பும் கூடவே போய்விடும். அந்த அக்கறையைப் பதவியாகவும் கால அட்டவணையாகவும் மாற்றியதில் இங்கிலாந்துக்கு நீண்ட அனுபவம் உண்டு.

அதன் வேர் அங்குள்ள விடுதிப் பள்ளிகளில் இருக்கிறது. 1828-இல் ரக்பி பள்ளியின் தலைமையாசிரியரான தாமஸ் ஆர்னால்டு, பாடம் கற்பிப்பதைவிட ஒழுக்கமும் சமயப் பற்றும் உள்ள மனிதரை உருவாக்குவதே பள்ளியின் முதல் வேலை என்று கருதினார். மாணவர்கள் தனித்தனி இல்லங்களில் தங்கினார்கள். ஒவ்வோர் இல்லத்துக்கும் பொறுப்பான ஆசிரியர் பெற்றோரின் இடத்தில் இருந்தார். மேல் வகுப்பு மாணவர்கள் இளையவர்களை மேய்த்தார்கள். மூத்தவர்களின் கையில் அதிகாரம் கொடுத்த இந்த ஏற்பாடு இளையவர்கள் மீதான கொடுமைகளுக்கும் கதவைத் திறந்துவிட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். இந்த முறை கப்பலேறி ஆசியாவுக்கும் வந்தது. தமிழ்நாட்டின் பல பள்ளிகளில் சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என்று மாணவர்களைப் பிரிப்பதும், இலங்கைப் பள்ளிகளின் இல்ல விளையாட்டுப் போட்டியும் அதன் எச்சங்கள். பெயரும் கொடியும் வந்து சேர்ந்தன. அந்த இல்லத்துப் பிள்ளைகளைத் தனித்தனியாக அறிந்து வைத்திருக்கும் ஆசிரியர் என்ற பகுதி வழியிலேயே தங்கிவிட்டது.

இங்கிலாந்திலும் சாதாரண அரசுப் பள்ளிகளுக்கு இது தீவிரமாகப் பரவியது 1960-களுக்குப் பிறகுதான். 11 வயதில் தேர்வு வைத்துப் பிள்ளைகளைத் தரம் பிரிக்கும் முறையைக் கைவிட்டு எல்லாரும் ஒன்றாகப் படிக்கும் பொதுப் பள்ளிகளுக்கு மாறும்படி 1965-இல் அரசு உள்ளாட்சிகளைக் கேட்டுக்கொண்டது. ஆயிரம் பேருக்கு மேல் படிக்கும் பெரிய பள்ளிகள் உருவாயின. பாடத்துக்கு ஒரு ஆசிரியர், மணிக்கு ஒரு அறை என்று சுற்றும் 11 வயதுப் பிள்ளையை அங்கே யாருக்கும் முழுதாகத் தெரியாது. இந்தக் குறையை அடைக்கவே வகுப்புப் பொறுப்பாசிரியர், அவருக்கு மேல் ஆண்டுத் தலைவர் என்ற ஏணி அமைந்தது. 1974-இல் மைக்கேல் மார்லண்ட் இதைப் பற்றி எழுதிய நூல் ஆசிரியர்களிடையே பரவலாகப் படிக்கப்பட்டது.

பொறுப்பாசிரியரின் அன்றாட வேலை பார்வைக்குச் சாதாரணமானது. காலையில் கொஞ்ச நேரம் தன் குழுவைச் சந்திக்கிறார், வருகைப்பதிவு எடுக்கிறார், அறிவிப்புகளைச் சொல்கிறார். ஆனால் வருகைப்பதிவேடு ஒரு நுட்பமான கருவி. திங்கட்கிழமைகளில் மட்டும் விடுப்பு எடுக்கும் மாணவர், ஒரு குறிப்பிட்ட பாடவேளைக்கு முன்னால் தவறாமல் வயிற்றுவலி வரும் மாணவி, வெயில் காலத்திலும் முழுக்கைச் சட்டையைக் கழற்றாதவர் என்று ஒவ்வொரு சிறு மாற்றமும் ஏதோ ஒன்றைச் சொல்கிறது. நேற்று எப்படி இருந்தார் என்று தெரிந்தவருக்குத்தான் இன்றைய மாற்றம் கண்ணில் படும். அபாயத்தின் அறிகுறி தெரிந்தால், சிறார் பாதுகாப்புக்கென்றே நியமிக்கப்பட்ட மூத்த பொறுப்பாளரிடம் விஷயம் போக வேண்டும். பள்ளிகள் இதில் பின்பற்ற வேண்டிய அரசு வழிகாட்டி நெறிகள் உள்ளன. அவை அவ்வப்போது திருத்தப்படுகின்றன. அவற்றின்படி, “யாரிடமும் சொல்ல மாட்டேன்” என்று ஆசிரியர் மாணவருக்கு வாக்குக் கொடுக்கக் கூடாது. ஒரு பிள்ளைக்கு ஆபத்து என்றால் உரியவரிடம் சொல்லியே தீர வேண்டும். அப்படிச் சொல்ல வேண்டியிருக்கும் என்பதை மாணவரிடம் முன்கூட்டியே தெரிவிப்பதுதான் நேர்மை.

இந்த ஏணியைப் பற்றிய சந்தேகமும் அதோடு கூடவே வளர்ந்தது. ரான் பெஸ்ட், ஜார்விஸ், ரிப்பின்ஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் 1970-களின் கடைசியில் சங்கடமான ஒரு கேள்வியை எழுப்பினார்கள். பெரிய பள்ளியில் ஒழுங்கைக் காப்பதற்கு வசதியான நிர்வாக ஏற்பாட்டுக்குத்தான் அக்கறை என்று பெயர் சூட்டியிருக்கிறோமா? தாமதமாக வந்தவரைத் தண்டிப்பவரும், ஏன் தாமதம் என்று பரிவோடு கேட்க வேண்டியவரும் ஒரே ஆளாக இருந்தால் மாணவர் எந்த முகத்தை நம்புவார்? இந்தக் கேள்விக்கான விடையின் ஒரு பகுதி பல ஆண்டுகள் கழித்துப் பீகாரிலிருந்து வந்தது.

பள்ளியின் சூழல் உண்மையிலேயே மாணவரை மாற்றுகிறதா, அல்லது வீடும் வறுமையுமே எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றனவா என்பதும் 1970-களில் பெரிய விவாதம். மனநல மருத்துவர் மைக்கேல் ரட்டரும் அவருடைய குழுவினரும் லண்டன் உள்நகரின் 12 உயர்நிலைப் பள்ளிகளை ஆண்டுக்கணக்கில் கவனித்து 1979-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரு பிள்ளை 5 வயதிலிருந்து படிப்பை முடிக்கும்வரை பள்ளியில் செலவிடும் நேரம் ஏறத்தாழ 15,000 மணி என்ற கணக்கே அந்த நூலின் தலைப்பு. ஒரே மாதிரிப் பின்னணியிலிருந்து மாணவர்கள் வந்திருந்தாலும் வருகை, நடத்தை, தேர்வு முடிவு, சிறு குற்றங்களில் சிக்குதல் ஆகியவற்றில் பள்ளிக்குப் பள்ளி தெளிவான வேறுபாடு இருந்தது. கட்டடத்தின் வயதோ இட வசதியோ அதற்குக் காரணமாகவில்லை. ஆசிரியர்கள் பாடத்துக்கு நேரத்தோடு வருகிறார்களா, பாராட்டுகிறார்களா, மாணவர்களுக்குப் பொறுப்புகள் தரப்படுகின்றனவா, சுவரில் அவர்களுடைய படைப்புகள் தொங்குகின்றனவா போன்ற அன்றாட நடப்புகளே சேர்ந்து பள்ளியின் குணத்தை உருவாக்கின.

இந்தக் கவனிப்புக்கு உயர்நிலைப் பள்ளி வயது ஏன் இவ்வளவு முக்கியம்? அமெரிக்காவில் ரொனால்டு கெஸ்லர் குழுவினர் 2005-இல் வெளியிட்ட ஆய்வின்படி, வாழ்நாளில் மனநலக் கோளாறு வருபவர்களில் பாதிப் பேருக்கு அது 14 வயதுக்குள்ளேயும், முக்கால்வாசிப் பேருக்கு 24 வயதுக்குள்ளேயும் தொடங்கிவிடுகிறது. உலகச் சுகாதார அமைப்பின் கணக்கில் 10 முதல் 19 வயதுக்குட்பட்டவர்களில் 7 பேருக்கு ஒருவர் ஏதாவதொரு மனநலச் சிக்கலோடு வாழ்கிறார். எட்டாம், ஒன்பதாம் வகுப்பு அறைகளில் இந்தத் தொடக்கங்களில் பல நிகழ்கின்றன. பெரும்பாலும் அவை சோம்பல், திமிர், கவனக்குறைவு என்ற பெயர்களில் பதிவாகின்றன.

பூப்புப் பருவத்தில் மூளையின் எல்லாப் பகுதிகளும் ஒரே வேகத்தில் முதிர்வதில்லை. உணர்ச்சிக்கும் வெகுமதிக்கும் துடிப்பாக எதிர்வினை காட்டும் உள்பகுதிகள் முந்திக்கொள்கின்றன. திட்டமிடுதல், அடக்கிக்கொள்ளுதல், பின்விளைவை எடைபோடுதல் ஆகியவற்றுக்கு உதவும் முன்நெற்றிப் புறணி இருபதுகளின் நடுப்பகுதிவரை முதிர்ந்துகொண்டே இருக்கிறது. இதை வைத்துப் பதின்வயதினருக்குப் புத்தி இல்லை என்று முடிவுகட்டுவது தவறு. தனியாக அமைதியாக உட்கார வைத்துக் கேட்டால் 15, 16 வயதினர் பெரியவர்களுக்குக் குறையாமல் ஆபத்தைக் கணிக்கிறார்கள். நண்பர்கள் பக்கத்தில் வந்ததும் கதை மாறுகிறது. மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும் 2005-இல் வெளியிட்ட சோதனையில் கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு பயன்பட்டது. மஞ்சள் விளக்கு எரிகிறது. நிறுத்துவதா, இன்னும் கொஞ்சம் போய்ப் பார்ப்பதா? தோழர்கள் உடனிருந்தபோது 13 முதல் 16 வயதினர் எடுத்த துணிகரம் தனியாக ஆடியபோது எடுத்ததைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. 24 வயதைத் தாண்டியவர்களிடம் நண்பர்களின் இருப்பு எந்த மாற்றத்தையும் செய்யவில்லை.

இதன் மறுபக்கம் ஒதுக்கப்படுவதன் வலி. லண்டனில் சாரா-ஜேன் பிளேக்மோர் குழுவினர் செய்த ஆய்வில் மூவர் கணினித் திரையில் பந்தைத் தூக்கிப்போட்டு விளையாடுகிறார்கள். ஆய்வுக்கு வந்தவரைத் தவிர மற்ற இருவரும் உண்மையில் கணினி நிரல்கள். சிறிது நேரத்தில் அவை பந்தைத் தங்களுக்குள் மட்டுமே வீசத் தொடங்கும். முகம் தெரியாதவர்கள் செய்த இந்தச் சின்னப் புறக்கணிப்பே வளரிளம் பெண்களின் மனநிலையை வயது வந்த பெண்களைவிட அதிகமாகக் குலைத்தது. மதிய உணவு வேளையில் எந்தக் கூட்டத்திலும் இடமில்லாமல் கழிப்பறைப் பக்கம் ஒதுங்கும் மாணவியின் நாள் எப்படிப் போகும் என்று இதிலிருந்து ஊகிக்கலாம்.

தூக்கமும் இந்த வயதில் இடம் மாறுகிறது. உடலுக்கு இரவு வந்துவிட்டது என்று அறிவிக்கும் மெலடோனின் பூப்புக்குப் பிறகு பிந்திச் சுரக்கிறது என்பதைப் பிரௌன் பல்கலைக்கழகத்தின் மேரி கார்ஸ்கடன் விரிவாக ஆராய்ந்தார். பதின்வயதுப் பிள்ளை பதினொரு மணிக்கும் விழித்திருப்பதற்குக் கைபேசி மட்டும் காரணமல்ல. 13 முதல் 18 வயதினருக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்று அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் பரிந்துரைக்கிறது. கலிபோர்னியா 2019-இல் சட்டம் இயற்றி, உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30-க்கு முன்னால் தொடங்கக் கூடாது என்று 2022-லிருந்து நடைமுறைப்படுத்தியது. பத்தாம் வகுப்பு என்றாலே விடிகாலை டியூஷன் என்றாகிவிட்ட ஊர்களில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். ஆனாலும் எரிச்சல், மறதி, மனச்சோர்வு ஆகியவற்றோடு வரும் மாணவரிடம் நலப்பேணல் கேட்க வேண்டிய முதல் கேள்விகளில் ஒன்று, எத்தனை மணிக்குத் தூங்குகிறாய் என்பதுதான்.

பிரச்சினை தெரிந்துவிட்டால் அடுத்து எல்லாருக்கும் தோன்றுவது, அதற்கொரு பாடவேளை வைப்பது. பல இடங்களில் சறுக்கல் இங்கேதான் தொடங்குகிறது. உணர்ச்சிகளைக் கையாளவும் பிறரோடு பழகவும் கற்றுத்தரும் 213 திட்டங்களைத் தொகுத்துப் பார்த்த ஜோசப் டர்லாக்கின் 2011-ஆம் ஆண்டு ஆய்வு நம்பிக்கை தந்தது. பங்கேற்ற மாணவர்களின் நடத்தையோடு படிப்பும் மேம்பட்டிருந்தது. ஆனால் அந்தத் திட்டங்களில் பாதிக்கு மேல் தொடக்கப் பள்ளிகளில் நடந்தவை. பின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டினா சால்மிவல்லி உருவாக்கிய கீவா திட்டம் சீண்டித் துன்புறுத்துபவரோடும் அதற்கு ஆளாகிறவரோடும் நின்றுவிடாமல் சுற்றி நின்று வேடிக்கை பார்க்கும் கூட்டத்தையும் குறிவைத்தது. நல்ல யோசனை, சின்ன வகுப்புகளில் நன்றாகவே பலித்தது. ஏழு முதல் ஒன்பதாம் வகுப்புகளில் வேகம் குறைந்தது. டேவிட் ஈகர் முதலியோர் 2015-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, துன்புறுத்தலைத் தடுக்கும் திட்டங்களின் பலன் எட்டாம் வகுப்பு வாக்கில் ஏறத்தாழ மறைந்துவிடுவதைக் கண்டார்கள்.

பிரிட்டனில் நடந்த மிரியட் என்னும் பெரிய சோதனை இன்னும் தெளிவானது. 85 பள்ளிகளில் 11 முதல் 14 வயதுவரையிலான 8,000-க்கு மேற்பட்ட மாணவர்கள் பங்கேற்றார்கள். குலுக்கல் முறையில் தேர்வான பள்ளிகளில் மனக்குவிப்புப் பயிற்சி பாடமாக நடந்தது. மற்றவற்றில் வழக்கமான வகுப்புகள். 2022-இல் வெளியான முடிவில் மாணவர்களின் மனநலத்தில் இரு பிரிவுக்கும் வேறுபாடு தென்படவில்லை. வகுப்பில் சொன்னதைப் பெரும்பாலான மாணவர்கள் வீட்டில் செய்தே பார்க்கவில்லை. பயிற்சி பெற்ற ஆசிரியர்களின் சோர்வு மட்டும் அப்போதைக்குக் குறைந்திருந்தது.

தோல்விக்கு ஈகர் தரும் விளக்கம் இந்த வயதைக் கவனித்த எவருக்கும் பொருந்திவரும். ஏழு வயதுப் பிள்ளைக்கு “கோபம் வந்தால் பத்துவரை எண்ணு” என்று சொல்வது உதவி. அதையே பதினான்கு வயதில் சொன்னால், உனக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்னதாகக் காதில் விழும். பிறர் தன்னை மதிக்கிறார்களா, தனக்கு ஓர் அந்தஸ்து உண்டா என்பதே அந்த வயதின் முழுநேரக் கவலை. அறிவுரையின் உள்ளடக்கம் எவ்வளவு சரியாக இருந்தாலும் அது வரும் தோரணை மதிப்பைக் குறைத்தால் மாணவர் காதை மூடிக்கொள்வார். இதைத் தலைகீழாக்கிப் பார்த்த ஒரு சோதனை டெக்சஸில் எட்டாம் வகுப்பு மாணவர்களிடம் நடந்து 2016-இல் வெளியானது. ஒரு பிரிவினருக்கு உடலுக்கு எது நல்லது என்ற வழக்கமான பாடம். இன்னொரு பிரிவினருக்கு, நொறுக்குத் தீனி நிறுவனங்கள் சிறுவர்களை எப்படி ஏமாற்றி விற்கின்றன என்ற அம்பலப்படுத்தல். மறுநாள் வேறொரு சாக்கில் தின்பண்டம் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது, இரண்டாம் பிரிவினர் சர்க்கரை குறைந்தவற்றை அதிகம் எடுத்தார்கள். நல்ல பிள்ளையாக இருக்கச் சொன்னால் பலிக்காதது, ஏமாளியாக இருக்காதே என்றால் பலிக்கிறது.

மாணவர்களையே முன்னின்று நடத்த விட்ட திட்டங்களும் இதே திசையைக் காட்டுகின்றன. ஐரோப்பாவின் 10 நாடுகளில் 168 பள்ளிகள், 11,110 மாணவர்கள் என்று விரிந்த செய்லே ஆய்வு தற்கொலை முயற்சிகளைத் தடுக்க மூன்று வழிகளை ஒப்பிட்டது. ஆசிரியர்களுக்கு அறிகுறிகளைக் கண்டுபிடிக்கப் பயிற்சி தருவது ஒன்று. வினாத்தாளால் சலித்தெடுத்து நிபுணரிடம் அனுப்புவது இன்னொன்று. மாணவர்களே தங்கள் வாழ்க்கைச் சிக்கல்களை நடித்துக் காட்டி விவாதிக்கும் சில மணி நேர நிகழ்ச்சி மூன்றாவது. 12 மாதம் கழித்து, மாணவர்கள் நடித்த பிரிவில் புதிய தற்கொலை முயற்சிகள் ஒப்பீட்டுப் பிரிவில் இருந்ததில் பாதிக்கும் குறைவு: 1.51 சதவீதத்துக்கு எதிராக 0.70 சதவீதம். மற்ற இரண்டு வழிகளிலும் குறிப்பிடத்தக்க பலன் கிடைக்கவில்லை. இங்கிலாந்தின் 40 பள்ளிகளில் மூன்றாண்டு நடந்த இன்னொரு திட்டத்தில் ஆசிரியர்களோடு மாணவர்களும் குழுவில் உட்கார்ந்து பள்ளியின் விதிகளைத் திருத்தினார்கள். தகராறுகளில் தண்டனைக்கு முன்னால் இரு தரப்பையும் எதிரெதிரே அமர்த்திப் பேச வைத்தார்கள். துன்புறுத்தல் சிறிதளவு குறைந்தது, மாணவர்களின் மனநலம் கூடியது.

தற்கொலையைப் பற்றிப் பேசினால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற பயம் பள்ளிகளில் வலுவாக இருக்கிறது. நியூயார்க் மாநிலத்தின் 6 பள்ளிகளில் 2,342 மாணவர்களிடம் மேடலின் கூல்டு குழுவினர் இதைச் சோதித்தார்கள். நேரடியாகக் கேட்கப்பட்டவர்களின் மனவேதனையோ தற்கொலை எண்ணமோ கேட்கப்படாதவர்களைவிடக் கூடவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்தவர்களுக்குக் கேள்வி சற்று ஆறுதலாகக்கூட இருந்தது. அக்கறையோடு நேராகக் கேட்பதில் தீங்கில்லை. கேட்டுவிட்டுப் பதிலைத் தாங்க முடியாமல் “அதெல்லாம் யோசிக்காதே” என்று பேச்சை மாற்றுவது வேறு விஷயம்.

ஆளுமை வளர்ச்சி என்ற பெயரில் நடப்பவற்றுக்கும், மாணவரை மதித்து நடத்துகிறதா என்பதே உரைகல். இங்கிலாந்தின் பள்ளி ஆய்வுத்துறை 2019-லிருந்து அதைத் தனித் தலைப்பாக மதிப்பிட ஆரம்பித்தது. ஆய்வாளர் எதைக் கேட்பாரோ அதற்கான கோப்பு எல்லாப் பள்ளியிலும் உடனே தயாராகிவிடும் என்பது உலக வழக்கம். கோப்புக்கு அப்பால் பலன் தரக்கூடியவை பெரும்பாலும் பொறுப்பைக் கையில் கொடுப்பவை. 1956-இல் தொடங்கிய எடின்பரோ கோமகன் விருதில் 14 வயதினர் சமூகப் பணி, உடற்பயிற்சி, ஒரு திறன் ஆகியவற்றோடு ஒரு வெளிப்புறப் பயணத்தையும் முடிக்க வேண்டும். எவரெஸ்ட் குழுவின் தலைவராக இருந்த ஜான் ஹண்ட் அதன் முதல் இயக்குநர். பயணத்தில் பாதையைத் தேர்ந்தெடுப்பதும் சமைப்பதும் மாணவர்களே. பொறுப்பாளர் தொலைவிலிருந்து கண்காணிப்பார். வழி தவறினால் முதலில் அவர்களே வரைபடத்தைப் பிரித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். என்.சி.சி., சாரணர் முகாம்களில் இருந்தவர்களுக்கு இந்த அனுபவம் புதிதல்ல.

குழு நடவடிக்கைகளுக்குள் அடங்காத துயரங்களுக்குத் தனி ஆலோசனை வேண்டும். லண்டனின் 18 பள்ளிகளில் 13 முதல் 16 வயதுள்ள 329 மாணவர்களிடம் மிக் கூப்பர் குழுவினர் நடத்தி 2021-இல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சி பெற்ற ஆலோசகரை வாரம் ஒரு முறையாகப் பத்து வாரம்வரை சந்தித்தவர்களின் மன உளைச்சல் மிதமாகக் குறைந்தது. செலவு வழக்கமான கவனிப்பைவிட அதிகம். பணமும் நிபுணர்களும் குறைந்த இடத்தில் என்ன செய்வது என்ற கேள்விக்கு இந்தியாவிலேயே ஒரு பதில் உண்டு.

பீகாரின் நாலந்தா மாவட்டத்தில் 74 அரசு உயர்நிலைப் பள்ளிகளில் சங்கத் என்ற தொண்டு நிறுவனம் நடத்திய செஹர் திட்டத்தின் முடிவுகள் 2018-இல் லான்செட் இதழில் வெளியாயின. பள்ளிகள் மூன்றாகப் பிரிக்கப்பட்டன. முதல் பிரிவில் உளவியல் பட்டம் இல்லாத, ஆனால் இந்த வேலைக்கென்று பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவர். இரண்டாவதில் அதே பயிற்சி, அதே வேலைத்திட்டம், ஆனால் பள்ளியின் ஆசிரியரே பொறுப்பு. மூன்றாவதில் வழக்கமான வளரிளம் பருவக் கல்வி மட்டும். வேலைத்திட்டம் எளிமையானது: காலை வழிபாட்டுக் கூட்டத்தில் சிறு உரை, சுவரிதழ், போட்டிகள், மாணவர் குழு, மனக்குறையை எழுதிப் போட ஒரு பெட்டி, தேவைப்படுவோருக்குத் தனியே பேச நேரம். எட்டு மாதத்தில் ஆலோசகர் இருந்த பள்ளிகளில் பள்ளிச் சூழல் கணிசமாக மேம்பட்டது. மனச்சோர்வு, துன்புறுத்தல், வன்முறைக்கு ஆளாதல் எல்லாம் குறைந்தன. ஆசிரியர் நடத்திய பள்ளிகளில் மூன்றாம் பிரிவைவிட எந்த முன்னேற்றமும் இல்லை.

ஆசிரியர்களுக்கு அக்கறை இல்லை என்று இதற்குப் பொருள் சொல்ல முடியாது. பாடத்தை முடிக்க வேண்டிய சுமையோடு இந்த வேலையும் அவர்கள் தலையில் ஏறியது. மதிப்பெண் போடுபவரிடமும் தண்டிக்கக்கூடியவரிடமும் மாணவர் மனம் திறக்கத் தயங்குவதும் இயல்புதான். பெஸ்ட் குழுவினர் இங்கிலாந்தில் சந்தேகப்பட்ட இரட்டை வேடம் இங்கேயும் குறுக்கே நின்றிருக்கலாம். ஆலோசகரிடம் பிரம்பும் இல்லை, விடைத்தாளும் இல்லை. பள்ளி நேரம் முழுவதும் அவருக்கு அந்த ஒரே வேலை. திட்டம் அடுத்த கல்வியாண்டிலும் தொடர்ந்து, 17 மாத முடிவில் மறுபடி அளந்தபோது, ஆலோசகர் இருந்த பள்ளிகள் பெரும்பாலான அளவுகோல்களில் இன்னும் முன்னே போயிருந்தன. ஆசிரியர் நடத்தியவற்றில் அப்போதும் மாற்றம் தென்படவில்லை.